வெயில் தாங்கும் செடிகள்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் மணி பிளான்ட் பிழைக்காது, சார். யாரோ பெரிய மனிதர் தன் கையால் வைத்தது என்று பலகை சொல்கிறது. பெரிய மனிதர் வைத்துவிட்டுப் போய்விடுவார், வெயிலில் நிற்கப் போவது செடிதானே. அந்த இடத்துக்கு போகன்வில்லா வையுங்கள். அடீனியமும் வரும்.

என் மொட்டைமாடிக்குச் செடி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் "வெயில் தாங்குமா?" என்றுதான் கேட்பார்கள். தப்பான கேள்வி. தாங்குவது வேறு, தழைப்பது வேறு. தாங்குகிற செடி இலையைச் சுருட்டிக்கொண்டு நாளை ஓட்டும். தழைக்கிற செடிக்கு நிழல்தான் நோய். டேபிள் ரோஸ் மேல் நிழல் விழுந்தால் மொட்டுகூட விரியாது. இன்னொன்று, வீட்டுக்குள் இருந்ததை எடுத்து நேரே வெயிலில் வைக்கக் கூடாது, வெந்துவிடும். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று பழக்க வேண்டும்.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள்.

அண்ணன் பெரிய ஆபீசராக இருந்தவர். காப்பி கேட்பதற்கே முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் வைப்பார். வருகிறவர்களிடம் என்னை "நம்ம வீட்டுத் தோட்டக்காரன்" என்பார். எனக்கு வருத்தம் இல்லை, உண்மைதானே. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: சரி. வாழ்நாளில் யாருக்குமே அவர் சொல்லாத சொல். பசிக்கிறதா என்றால் சரி. பசி இல்லையா என்றாலும் சரி. வலித்தால் அதையே அடுக்கிக்கொண்டு போவார். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் நான் சொல்றதுக்கு ஒத்துக்கிறாரு" என்று அண்ணி சிரிப்பார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அண்ணிதான் ஆரம்பித்தார்.

"தம்பி, அவரு நாலு சுவரையே பாத்துக்கிட்டுக் கிடக்கிறாரு. மாடி முழுக்க ஷீட் போட்டுடலாம். நிழல்ல உக்காந்து காத்து வாங்கட்டும்."

"அத்தனையும் வெயில் செடி, அண்ணி."

"செடிதானே? வேற வாங்கிக்கலாம். மனுஷனை வாங்க முடியுமா?"

நியாயமான பேச்சு. அண்ணன் பக்கம் திரும்பி, "ஷீட் போடலாமாண்ணா?" என்றேன். சரி என்றார். "வேண்டாமா?" என்றேன். அதற்கும் சரி.

"போப்பா, உனக்கு எப்பப் பாத்தாலும் விளையாட்டு" என்று சொல்லிவிட்டு அண்ணி ஷீட் கடைக்குக் கிளம்பினார்.

அண்ணனுக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, சக்கர நாற்காலியோடு லிஃப்டில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனேன். இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் டாங்க் பக்கம் ஒத்துவராது, கொஞ்ச நேரத்தில் நிழல் வந்துவிடும். மேற்குப் பார்த்த வெள்ளைச் சுவரோரம், அடீனியம் வரிசைக்கு நடுவில் வைத்தேன். அங்கே சுவரும் தன் பங்குக்குச் சூட்டைத் திருப்பி அடிக்கும். பிரேக்கைப் போட்டேன்.

"இங்கயே இருக்கீங்களாண்ணா?"

"சரி."

நடுவில் ஒரு தடவை மேலே போனேன். காலையில் வந்த டெலிவரிக்காரர், நிழலில் வளர்கிற ஒரு பெகோனியாவை வெயிலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். இலையெல்லாம் துவண்டு தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்தேன். முதுகுக்குப் பின்னால் அண்ணன் சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன். அண்ணி திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாடியில் வைத்ததும் நான்தான், கதவைச் சாத்தியதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வற்புறுத்தியதாக மட்டும் எழுதாதீர்கள், சார். அவருடைய சம்மதம் இல்லாமல் நான் எதுவும் செய்யவில்லை.