பேரயும் பேரும்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகர பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

"இண்டைக்கு வகுப்பில பேரயைப் பற்றிக் கதைக்கப்போறன்," என்றாள் பிள்ளை.

"ஆற்ற பேரை?"

"ஐயோ அம்மா, பேர! டேனிஷில பல்பு! அதுக்குள்ள இருக்கிற கரி இழை செய்யிறதுக்குச் சுடேக்க முறிஞ்சு போகுமாம். ஒரு கறுப்பின மனுசன் அதை அட்டை உறைக்குள்ள வைச்சுச் சுட்டவர். உறையும் சேர்ந்து சுருங்க, இழை முறியேல்லை."

"கெட்டிக்காரன். அதுக்கேன் மூஞ்சையை நீட்டுறாய்?"

"பல்பு எண்டா எல்லாரும் வேற ஆளின்ட பேரைத்தான் சொல்லுவினம். நான் இவற்ற பேரைச் சொன்னாச் சிரிப்பினம். நானும் அந்தாளையே சொல்லட்டோ?"

தாய் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"வேலையில என்னை மரியா எண்டு கூப்பிடுகினம். புவனேஸ்வரி வாயில வராதாம். நானும் கனகாலமா ஓம், ஓம் எண்டு போறன். உனக்கு என்னத்தைச் சொல்ல?"

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினாள்.

"நான் அவற்ற பேரைச் சொல்லுறன். நீங்கள் இண்டைக்கு உங்கட பேரைச் சொல்லுங்கோ. சரியோ?"

"பேரயில துவங்கிப் பேரத்தில முடிக்கிறாய், கள்ளி!"

பிள்ளை இறங்காமல் கதவடியிலேயே நின்றாள். சாரதி கண்ணாடியில் பார்த்தான்.

"ஓம், சொல்லுறன். இறங்கடி," என்றாள் புவனேஸ்வரி.