முன்னிலையில் நிற்கும்போது எழும்பக் கூடாது

பலெர்மோவின் இளஞ்சிவப்புச் சட்டை அணி ஆறு ஆண்டுகளில் போட்ட கோல்களில் பாதியை நான்தான் போட்டேன். பந்தைக் காலால் தொடவில்லை. ஒரு முக்காலியில் அசையாமல் இருந்து போட்டேன். நம்பாதவர்களைக் குறைசொல்ல மாட்டேன். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், என் மனைவி மரியமலரே யன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

இப்போது ஓய்வூதியம் வருகிறது, கதைக்க நேரமும் இருக்கிறது. ஆகவே ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

அப்போது லிபெர்த்தாத் தெருவில் சின்யோர் ரொசாரியோ என்ற, உறுதி எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசைப் பார்க்கிற வேலை எனக்கு. அவருக்குக் கால் இரண்டும் இயங்காது. நாக்கு மட்டும் நாலு பேருக்குக் காணும். குளிப்பாட்ட வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட இருந்து மட்ச் பார்க்க வேண்டும். கடைசி வேலைதான் கடினமானது. எங்கள் அணி முன்னிலையில் நிற்கும்போது அந்த அறையில் ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு எழும்பக் கூடாது என்பது சின்யோரின் சட்டம். எழும்பினால் கோல் திரும்பிப் போய்விடும். சிசிலிக்காரர் இதை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஒருநாள் நான் ஒன்றுக்குப் போன நேரம் பார்த்து எதிரணி சமப்படுத்திவிட்டது. சின்யோர் இரண்டு கிழமை என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அன்றோடு நானும் விசுவாசியாகிவிட்டேன். இன்னொரு நாள் அடுப்பங்கரை தீப்பிடித்தும் நான் எழும்பவில்லை. கதவை உடைத்துக்கொண்டு வந்த தீயணைப்புக்காரர் கோல் கணக்கைக் கேட்டுவிட்டுத் தாங்களும் அசையாமல் நின்றார்கள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி.

பலாரோ சந்தையடியில் ஒரு பந்தயக் கடை இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் பெனடிக்ற்றும் அங்கே போவோம். அவனுக்கும் என்னைப் போலவே கிழடு பார்க்கிற வேலை, சின்யோர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. நான் எந்நாளும் முதல் பாதிக்குத்தான் கட்டுவேன். இடைவேளையில் யார் முன்னிலை என்பதோடு என் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு மைதானம் கவிழ்ந்தாலும் எனக்கென்ன? பெனடிக்ற் முழு ஆட்டத்துக்குக் கட்டுவான். முடிவு தெரியாமல் அவனுக்கு நித்திரை வராது.

2013ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு ஞாயிறு, கடை வாசலில் வைத்து அவன் என்னைச் சீண்டினான்.

"அண்ணை, முக்காலியிலை இருந்து கோல் போடுறது உண்மையெண்டால் ஏன் பாதியிலை ஓடுறியள்? முழு மட்சுக்கும் ஒருக்கால் கட்டிக் காட்டுங்கோவன்."

"நான் இருந்தால் உலகக் கிண்ணமே இஞ்சை வரும், தெரியுமோ?"

"அது பெரிய சாமான் அண்ணை, வைக்க இடமில்லை. இண்டைக்கு வெண்டால் காணும்."

கடைக்குள் நின்ற சனம் சிரித்தது. வாழ்க்கையில் முதன்முறையாக முழு ஆட்டத்துக்குக் கட்டினேன்.

முதல் பாதி முடிய ஒன்றுக்குப் பூச்சியம். வழமைபோலக் கட்டியிருந்தால் அந்த இடத்திலேயே வென்றிருப்பேன். பிறகு எழும்பி நடந்து திரிந்திருக்கலாம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சின்யோரின் கையிலிருந்த கோப்பிக் கோப்பை மடியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

பாரிசவாதம். எனக்குத் தெரியாத வருத்தமல்ல அது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருடைய மகள் சொல்லித் தந்தவள்: வாய் கோணினால், கை விழுந்தால், யோசிக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், பிந்தப் பிந்த மூளை செத்துக்கொண்டு போகும்.

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கூப்பிட எழும்பத் தேவையில்லையே என்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். அவர்கள் வந்து மணி அடிப்பார்கள். கதவை யார் திறப்பது? ஆகவே, அவசரத்துக்கென்று வீட்டுச் சாவி ஒன்றை வைத்திருந்த பெனடிக்ற்றைக் கூப்பிட்டேன்.

"பெனடிக்ற், மனுசனுக்கு வாய் கோணிப்போச்சு."

"புளுகாதேங்கோ அண்ணை. தோத்தால் பழியை மனுசனிலை போட இப்பவே சாட்டுத் தேடுறியள்."

"கையும் விழுந்திட்டுது எண்டுறன்."

"போன கிழமை அந்தக் கையாலைதான் உங்களை மல்லுக்கட்டி விழுத்தினவர் எண்டியள்."

அதுவும் நான் சொன்னதுதான். போனை மடியில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன்.

இரக்கமில்லாமல் இருந்தேன் என்று எண்ண வேண்டாம். முக்காலியில் இருந்தபடியே எட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வழிந்த எச்சிலை என் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். அவர் அமைதியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட சட்டத்தைத்தானே நான் காத்தேன். வேலைக்காரன் முதலாளியின் சொல்லை மீறலாமா?

கடைசி விசில் ஊதியது. கோல் போகவில்லை. நான் எழும்பி, அம்புலன்ஸைக் கூப்பிட்டு, கதவையும் திறந்து வைத்தேன். வந்தவர்கள் எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். இப்போதுதான் என்றேன். என் ஆயுளில் நான் சொன்னவற்றில், ஒருவரும் மறுகேள்வி கேட்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

சின்யோர் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். மிலானோவிலிருந்து வந்த மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "கடைசிவரை அப்பாவை விட்டு அசையாமல் இருந்தாயே" என்று அழுதாள். அசையாமல்தான் இருந்தேன். அதில் பொய்யில்லை.

அதற்குப் பிறகு நான் இந்தக் கதையை மறைத்தவனல்ல. கலியாண வீட்டிலும் சொன்னேன், மொண்டெல்லோக் கடற்கரையிலும் சொன்னேன். கேட்பவர்கள் ஆவென்று வாய் பிளப்பார்கள், சிரிப்பார்கள், மிச்சத்தையும் சொல்லச் சொல்லுவார்கள். பெனடிக்ற் மட்டும் ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுவான்: "மண்ணாங்கட்டி. அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. கிழவன் புளுகுது." என் கதைக்கு அவன் ஒருவன்தான் குற்றம் பிடிக்கிறவன். எனக்கு அது பெரிய குறையாகவே இருந்தது.

போன ஞாயிறு, பலாரோவில் விமலராணி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் மறுபடி சொன்னேன். ஒரு நல்ல கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர வேண்டும். ஆகவே, சின்யோர் கடைசி விசில்வரை என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார், நல்ல கையின் பெருவிரலையும் உயர்த்திக் காட்டினார் என்று சேர்த்துக்கொண்டேன். விமலராணி றோல்ஸ் பொரிப்பதை விட்டுவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"பெனடிக்ற் அண்ணை, இந்த மனுசன் சொல்லுறது மெய்யோ?"

நான் மண்ணாங்கட்டிக்குக் காத்திருந்தேன். பெனடிக்ற் என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை, நடந்தது. ஆனா அவர் சிரிக்கேல்லை. அண்ணை போனை நிப்பாட்டாமல் மடியிலை வைச்சிட்டார். அந்த மனுசன் இவரின்ரை பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டது விசில் ஊதுமட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நானும் எழும்பேல்லை."