கிணற்று மீனின் ரத்தம்

எனக்கு மீன் பிடிக்காது. வீட்டில் வைத்தாலும் குழம்பை மட்டும்தான் ஊற்றிக்கொள்வேன். மீன்குஞ்சுகளை அளந்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவள் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

கருங்கல் ஊர்ப் பக்கம் கிணற்றில் மீன்குஞ்சு விடுவார்கள். குஞ்சு துடிப்பாகத் திரிந்தால் தண்ணீர் நல்லது என்று குடிப்பார்கள். அங்கே ரப்பர் பால் ஆலை வந்ததும் சுற்றுக் கிணறுகளின் மீன்களைப் பார்த்து, கழிவால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். நீளத்தையும் எடையையும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கச் சோம்பல்.

ரெஜிலா என் ஆய்வு மாணவி. ஆலைக்குப் பின்னால்தான் வீடு. அப்போது வயிற்றில் பிள்ளை. சொந்தக் கிணற்று மீனின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மீனு நல்லா கொழுத்துதான் கெடக்கு மேடம். ஆனா செல்லுக்குள்ள கரு ஒடஞ்சு துண்டு துண்டா நிக்குது. குடிக்குற வெள்ளத்துல விஷம் இருக்கும்போல. நான் இப்போ தங்கச்சி வீட்டுல இருந்துதான் வெள்ளம் கொண்டு வாறேன்."

நுண்ணோக்கியில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கற்றுக்கொடுத்த பெண் என் கையெழுத்தைப் பொய்யாக்க வருகிறாள்.

இன்னொரு மீன் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தாள். அவள் கைகழுவப் போன நேரத்தில் அதை எடுத்துவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் வளர்ந்த மீனை வைத்தேன். ஒரே இனம், ஒரே அளவு. ரத்தம் எடுத்தவளும் அவள்தான். கரு எல்லாம் முழுசாக இருந்தது.

"முந்தினதுல சாயம் சரியா பிடிக்கல மக்கா. பேசாம உங்க கெணத்து வெள்ளத்தையே குடி," என்றேன்.

"மேடம் பாத்தா சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்தாள்.

பிள்ளை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். தலையில் கைவைத்து ஜெபித்தேன். தான் செய்த தப்பு என்ன என்று அவள் கேட்டாள். கர்த்தருடைய சித்தம் என்றேன்.

மறு வருடம் மறுபடியும் உண்டானாள். அதே கிணறு, அதே தண்ணீர். சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் பிள்ளைக்கும் நான் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டாவதும் தங்கவில்லை.

மீனை மாற்றியது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். அன்றைக்கு நுண்ணோக்கியின் கீழ் இருந்த மீன் உண்மையிலேயே ஆரோக்கியமான மீன். அதைப் பற்றி நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.