எத்தனை படி என்று கேட்டவர்கள்

நடுநாயகமாக வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட விழாத் தலைவர் அவர்களே! என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு, கொடுத்தது தவறோ என்று கலங்கி நிற்கும் முதல்வர் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளையின் பெயர் எப்போது ஒலிக்கும் என்று காதைத் தீட்டிக் காத்திருக்கும் தாய்மார்களே! வேலையை விட்டு வந்து, இன்னும் வேலையையே நினைத்துக்கொண்டிருக்கும் தந்தையரே! இணையதளம் வடிவமைக்கும் கலையை ஓராண்டு கற்று, இன்று சான்றிதழ் பெற அமர்ந்திருக்கும் என் கண்மணிகளே! உங்கள் அனைவரையும் இந்த ஆசிரியை அன்போடு வணங்குகிறேன்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்கிறீர்கள். கேட்காவிட்டாலும் அப்படித்தான் சொல்வீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

அன்பர்களே, நான் கனவு காணச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். என் வகுப்பின் முதல் நாளில் எவரும் கணினியைத் திறக்கக் கூடாது. கண்ணை மூட வேண்டும். ஆம், கணினியைத் திறக்கும் முன் கண்ணை மூடு என்பதுதான் என் முதல் பாடம். இணையதளம் என்பது என்ன? வண்ணங்களின் வரிசையா? படங்களின் பவனியா? பட்டன்களின் படையெடுப்பா? இல்லை, இல்லவே இல்லை! எங்கோ ஓர் அறை. பாதி திறந்த ஜன்னல். பகல் வெளிச்சம் பாயாகத் தரையில் விரிந்து கிடக்கிறது. அங்கே முகம் தெரியாத ஒருவர், வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் தேவை ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கையளவுத் திரையில் நம் கதவைத் தேடுகிறார். அவர் யார்? அவருக்கு என்ன வேண்டும்? எதைக் கண்டு அஞ்சுகிறார்? அதைக் கனவில் கண்டுவிட்டு, பிறகு காகிதத்தில் வரை, அதன்பின் கணினியைத் தொடு. இதுதான் திட்டமிடுதல் என்று இருபது ஆண்டுகளாக மார்தட்டி வந்தேன். தட்டிய மார்பில் ஒரு குத்து விழுந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் வகுப்பில் ஒரு மாணவி. அவளுடைய பட்டப்பெயர் "முடிஞ்சிருச்சு". நான் பாதி சொல்லும்போதே "மிஸ், முடிஞ்சிருச்சு" என்று கையைத் தூக்குவாள். சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்துக்கொண்டு இங்கேதான் இருக்கிறாள். சுறுசுறுப்பில் சூறாவளி, அழகுணர்ச்சியில் அசகாய சூரி. எங்கள் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் உண்மையான வாடிக்கையாளர் ஒருவருக்கு இணையதளம் செய்து, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. அவளுக்கு வாய்த்தவர் செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்காரர். பேச்சில் கஞ்சன், கைவேலையில் கர்ணன். அவர் செய்த காலை இரு கையாலும் ஏந்திப் பார்த்திருக்கிறேன். கணுக்கால் வளைவைக் கூட விட்டுவைக்காமல் இழைத்திருப்பார்.

அவள் கண்ணை மூடினாள், கனவு கண்டாள். ஓடுகளத்தில் ஓர் இளைஞன், ஒரு கால் உலோகம், காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிறான். அந்தக் கனவையே முகப்புப் பக்கத்தில் வைத்தாள். எவ்வளவு அழகு! நானே அசந்து நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டேன். பட்டறைக்காரரும் படத்தைப் பார்த்தார், "நல்லாருக்கு" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். தளம் ஊருக்குத் திறக்கப்பட்டது. பத்து நாள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

பதினோராம் நாள் அவர் என் வகுப்புக்குள் வந்தார். வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"டீச்சர், பத்து நாளா ஒரு போன் கூட வரல. இது இருந்தும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தொண்ணூற்றாறு மதிப்பெண் போட்டவள் அல்லவா? "இதோ பாருங்கள்" என்று வகுப்பின் நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி, தளத்தைத் திறந்து "அழைக்க" என்ற பட்டனை அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு பெண் குரல், நீராவியின் உஸ்ஸென்ற ஓசைக்கு நடுவே:

"சொல்லுங்கம்மா, கால் செய்யிற இடம்தான். வலதா, இடதா?"

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாணவியைப் பார்த்தேன். மாணவி தரையைப் பார்த்தாள்.

"மிஸ்... அது எங்க அம்மா."

நடந்தது இதுதான். தளத்தைச் செய்யும்போது அந்தப் பட்டன் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஏதாவது ஓர் எண் வேண்டும். பக்கத்தில் இருந்தது அம்மாவின் போன். அந்த எண்ணைப் போட்டாள், அழுத்தினாள், மணி அடித்தது, மகிழ்ந்தாள், முடிந்தது என்றாள், மாற்ற மறந்தாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்கிறீர்களா? அவள் மட்டுமா அவசரக்காரி? சரிபார்க்க வேண்டிய நான் சரிபார்த்தேனா? தன் எண் தன் தளத்தில் இருக்கிறதா என்று பட்டறைக்காரர் பார்த்தாரா? மூன்று பேரும் ஓடுகிற இளைஞனின் அழகில் மயங்கிக் கிடந்தோம்!

அம்மாவுக்கு இஸ்திரிக் கடை, கல்லூரிக்கு எதிர்ச்சாரியில். மூன்று பேரும் சாலையைக் கடந்து ஓடினோம். தேய்த்த சட்டைகள் ஒரு பக்கம், தேய்க்காத துணிமூட்டைகள் ஒரு பக்கம், நடுவே மேசையில் இஸ்திரிப் பெட்டி. காது மடலுக்கும் தோளுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கால்சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

"ஏம்மா, தப்பு நம்பர்னு சொல்லி வெச்சிருக்கலாம்ல?" என்று மகள் அழாக்குறையாகக் கேட்டாள்.

"நீதானே என் நம்பரக் குடுத்த? எனக்கு ஏதோ பொறுப்பக் குடுத்திருக்கேன்னு நெனச்சேன். தினமும் சாப்பிடும்போது உன்னக் கேட்டேனே, அந்தக் கால் போட்டா வலிக்குமா, மழைல நனையலாமான்னு. நீதான் தலையக் கூடத் தூக்காம எல்லாம் சைட்ல இருக்கும்மான்னு சொன்ன."

கேட்டீர்களா தாய்மார்களே? உங்கள் வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது, தலையாட்டுகிறீர்கள்.

அந்த அம்மா மேசை இழுப்பறையைத் திறந்தார். துணிக்குக் குத்தும் சீட்டுகள், பின்புறம் முழுக்க எழுத்து, மொத்தம் முப்பத்தேழு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மனிதர், ஒரு கேள்வி. பேருந்து ஓட்டுநர் ஒருவர்: பிரேக்கை அழுத்த முடியுமா? ஒரு தகப்பனார்: பிள்ளை வளர வளரக் காலும் மாற்ற வேண்டுமா? ஒரு சமையல்காரர்: நாளெல்லாம் நிற்கலாமா? ஓட்டப்பந்தயம் பற்றி ஒருவர், ஒரே ஒருவர் கூடக் கேட்கவில்லை!

பட்டறைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "நம்பர இப்பவே மாத்து. என் பொழப்பு இது." மகள் இஸ்திரி மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். அரை நிமிடத்தில் எண் மாறும், கையெழுத்து விழும், சான்றிதழ் வரும். அந்த நேரத்தில் அம்மா அவள் கையைப் பிடித்தார்.

"ஒரு ரெண்டு நாள் பொறு கண்ணு. ஒரு பொண்ணு கூப்பிடுறா. ரெண்டு வருஷமா ரூமை விட்டு வெளிய வரலியாம். மூணு தடவ கூப்பிட்டா. நீங்க கூப்பிடாதீங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது, தைரியம் வந்தா நானே பேசுறேன்னா. அவ ஒண்ணுதான் கேட்டா. நடந்து பழகும்போது விழுந்தா யாரும் பாக்கக் கூடாதுக்கா, அப்படி எடமா அதுன்னு கேட்டா. இப்ப வேற ஆம்பளக் குரல் கேட்டா அவ வெச்சிருவா. மறுபடி கூப்பிடவே மாட்டா."

அப்போது போன் அடித்தது. வேறு யாரோ. அம்மா கேட்டார், பிறகு போனைப் பட்டறைக்காரரிடம் நீட்டினார்.

"எல்லாரும் கடசில இதத்தான் கேக்குறாங்க. எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது. "ஐயா, அப்பாவக் கூட்டிட்டு வரணும். உங்க எடம் மாடியிலயா? எத்தனை படி?"

அவையோரே! பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பட்டறைக்கு ஏறி இறங்கியவர், விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒரு... இருபது இருக்கும்" என்றார். எதிர்முனையிலிருந்து: "சரிங்க, பாக்குறேன்." போன் வைக்கப்பட்டது.

"பாக்குறேன்னா வர மாட்டாங்க," என்றார் அம்மா, சட்டையை மடித்துக்கொண்டே. "என்கிட்ட இருபத்தியோரு பேர் இப்படித்தான் வெச்சாங்க."

கால் இல்லாதவர்களுக்குக் கால் கொடுக்கும் பட்டறை, மாடியில்! அதை எங்களில் எவர் நினைத்தோம்? கண்ணை மூடிக் கனவு காணச் சொன்ன நான் நினைத்தேனா? என் மாணவி கண்ட கனவில் ஓடுபவன் இருந்தான், ஏற முடியாதவர் இல்லை. யாரைப் பார்த்தால் நமக்குப் பிடிக்குமோ அவரையே கனவில் பார்த்துவிட்டு, அதற்குத் திட்டமிடுதல் என்று பெயர் வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

பட்டறைக்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாணவி லேப்டாப்பை மூடினாள்.

"அண்ணே, நம்பர மாத்தல. நீங்க கையெழுத்துப் போடாட்டியும் பரவால்ல. அந்த அக்கா பேசுற வரைக்கும் இது இங்கேயே அடிக்கட்டும். இது இன்னும் முடியல."

ஓராண்டில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பட்டறைக்காரர் எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"இருபத்திரெண்டு படி. எண்ணிட்டேன். கீழ, காலுக்கு அச்செடுக்கிற மாவு மூட்டை அடுக்கி வெச்ச ரூம் ஒண்ணு இருக்கு. காலி பண்ணிட்டேன். இனிமே அளவெடுக்கிறது, நடந்து பழகுறது எல்லாம் கீழதான். சைட்ல போடும்மா."

சிலருடைய கனவு காகிதத்தில் நிற்கும், சிலருடைய கனவு திரையில் தெரியும். ஒரு தளத்தின் திட்டம் ஒரு கட்டடத்தையே மாற்றியதை அன்று கண்டேன்! மறுநாள் வகுப்பில் எல்லோரையும் மறுபடி கண்மூடச் சொன்னேன். இந்த முறை அந்த முப்பத்தேழு சீட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க வகுப்பறை கரைந்தது. நாற்பது மூடிய கண்களுக்குள்ளே ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், சமையல்காரர் அடுப்படியில் நின்றார், ஒரு குழந்தை வளர்ந்துகொண்டே போனது. கண்ணைத் திறந்தபோது பலருடைய இமை ஈரமாக இருந்தது. தளம் புதிதாகப் பிறந்தது. ஓடுகிற இளைஞன் உள்பக்கத்துக்குப் போனான். முகப்பில் எளிய எழுத்தில் சில வரிகள்: "படி கிடையாது. சாலையிலிருந்து நேராக உள்ளே வரலாம். நடந்து பழகும் அறைக்குக் கதவு உண்டு; உள்ளே தாழிட்டுக்கொள்ளலாம்."

அந்தப் பெண் பேசினாளா என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தானே கேட்டேன்! ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் மதியம், பேசினாள். "அக்கா, அந்தத் தாழ்ப்பாள் உண்மையிலேயே இருக்கா?" அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இருக்கும்மா. நானே போட்டுப் பாத்துட்டேன். நீ வா, வாசல்ல நான் நிக்கிறேன்." வந்தாள். மூன்று மாதம் அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் எத்தனை முறை விழுந்தாள் என்பது அவளுக்கும் அந்தத் தரைக்கும் மட்டுமே தெரியும். பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டாரா? போட்டார். இப்போதும் அந்த எண் அம்மாவினுடையதுதான். பட்டறையின் வரவேற்பாளர் அவர்தான், மதியம் வரை இஸ்திரி, மதியத்துக்கு மேல் இந்த வேலை.

கண்மணிகளே! இன்று சான்றிதழ்களை வழங்க அந்தப் பெண்ணைத்தான் மேடைக்கு அழைக்க விரும்பினேன். மறுத்துவிட்டாள். "மேடைக்குக் கூப்பிடாதீங்க மிஸ். எல்லாரோடயும் சேந்து வரேன், எல்லாரோடயும் சேந்து போறேன்" என்றாள்.

ஆம், அவள் வந்திருக்கிறாள். இந்த அரங்கில்தான் இருக்கிறாள்.

திரும்பாதீர்கள்! தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். நன்றி, நல்ல பிள்ளைகள். காலையில் வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவரையும் வரவேற்றேன். உங்கள் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் நடந்து வந்தாள். உங்களில் ஒருவர் அவளை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். ஒருவர், கொஞ்சம் தள்ளி உட்காரும்மா என்றீர்கள். நீங்கள் எவருமே அவளைக் கவனிக்கவில்லை. நான் பார்த்ததிலேயே பேரழகான காட்சி அதுதான், அன்பர்களே! உங்கள் கைத்தட்டல் தனக்கு வேண்டாம் என்றாள். அதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பலமாகக் கொடுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவர்க்கும், தாய்மார்க்கும், பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இங்கே நடந்து வந்த எல்லோருக்கும், எல்லோருக்கும், என் வணக்கம்!