நானே விசாரித்துவிட்டேன், உண்மைதான்

இந்தக் கீபோர்டை ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள் சார், ஒரு கைப்பிடி பிஸ்கட் தூள் கொட்டும். அதன் பிறகு ஸ்பேஸ் பார் இவ்வளவு முரண்டு பிடிக்காது. வாக்குமூலத்தை நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாகத் தட்டுங்கள். கல்லூரியில் இப்போது விடுமுறைதான்.

அந்த வைரஸ் மெயிலை எழுதியது நான். வைரஸ் என்று எதுவும் கிடையாது. குடிநீர் அலுவலகத்து ஆட்கள் அதை நம்பி, தங்கள் கையாலேயே பழைய குழாய் வரைபடங்களை அழித்துவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது என்றீர்கள். பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது இனி குழாய்களுக்கு மட்டுமே தெரியும். அதற்காக வருந்துகிறேன். அந்த அலுவலகத்தோடு எனக்கு வாய்க்கால் தகராறு ஒன்றும் இல்லை. நான் குறிவைத்தது ஒரே ஒரு ஆளை. மற்றதெல்லாம் பக்கத்தில் தெறித்தது.

அந்த ஆள் என் தாய்மாமா. அங்கே வரைபடப் பிரிவில் இருக்கிறார். யார் எந்தச் சங்கிலி மெயில் அனுப்பினாலும் அதை ஊருக்கெல்லாம் அனுப்பாமல் அவருக்குச் சோறு இறங்காது. காணாமல் போன குழந்தை, வெடிக்கும் கைபேசி, அனுப்பாவிட்டால் வந்து சேரும் ஏழு வருடக் கேடு, எல்லாமே வரும். ஒவ்வொன்றின் தலையிலும் அவரே ஒரு வரி சேர்ப்பார்: "நானே விசாரித்துவிட்டேன், உண்மைதான்." யாரிடம் விசாரித்தார் என்று யாரும் விசாரித்ததில்லை. குனிந்த தலை நிமிராத மனிதர், வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

போன வருடம் அப்படி ஒரு மெயில் அனுப்பினார். நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரைகளைத் தின்றால் மூளை மெல்லக் கரைந்து மூக்கு வழியாக வருமாம். தென்துருவ மருத்துவக் கல்லூரியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். தலையில் வழக்கமான வரி.

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை வெள்ளை. நடுவில் கோடும் உண்டு. தம்பி விசாரித்துவிட்டான் என்று அன்றோடு நிறுத்திவிட்டாள். மூக்கைப் பத்திரப்படுத்திக்கொண்டாள். அடுத்த மாதம் துணி உலர்த்தப் போனவள் மாடிப் படியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

சாவு வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக அழுதது மாமாதான். பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"ஏன்டா மாப்ள, இதையெல்லாம் ஏன் நிறுத்துனா அக்கா? யாருடா அவ புத்தியைக் கெடுத்தது?"

அவருக்கு அந்த மெயில் ஞாபகமே இல்லை சார். நடித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

எனவே அவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. அத்தை தொண்டையில் கட்டி வந்து நாலு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொன்னதும், அறுவைக்கு முந்தின வாரம் முழுக்க மாமாவின் கணினி முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிந்து வைத்தாள். "ஏங்க, எழுந்தாச்சா?" என்று ஒன்று. கேஸை மூடினீர்களா என்று ஒன்று. சும்மா திட்டுவது மட்டும் ஏழெட்டு இருக்கும். மாமா தினமும் காலையில் சவரம் செய்யும்போது ஒன்றைப் போடுவார். பாதி முகத்தில் நுரையோடு, "மூடிட்டேன்டி, மூடிட்டேன்" என்று கணினிக்குப் பதில் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

மெயில் எழுதுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. விடுதியில் நையாண்டிப் பத்திரிகை நடத்துகிறவன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒலிக் கோப்புகளில் ஒரு வைரஸ் குடியேறியிருக்கிறது, அது நமக்கு வேண்டியவர்களின் குரலிலேயே பேசும், சோதிப்பதற்காகக்கூடத் திறந்து கேட்காதீர்கள் என்று எழுதினேன். ஒலிக் கோப்பு என்று மட்டும் போட்டால் ஒருவரைக் குறிவைத்தது போலத் தெரியும். நாகரிகம் கருதி படங்களையும் வரைபடங்களையும் சேர்த்துக்கொண்டேன். உங்கள் குழாய்கள் மாட்டியது அதில்தான். கடைசியில், நீங்கள் அழிக்காவிட்டால் உங்கள் முகவரிப் பட்டியலில் உள்ள அத்தனை பேர் கணினிக்கும் இது போய்ச் சேரும் என்று முடித்து, யாருடையது என்று தெரியாத ஒரு முகவரியிலிருந்து அவருக்கு அனுப்பினேன்.

அந்தக் கடைசி வரிதான் அவருக்கென்று தைத்த சட்டை. தனக்கு நஷ்டம் என்றால் மாமா யோசிப்பார். அடுத்தவனுக்கு நஷ்டம் என்றால் யோசிக்காமல் சொன்னதைச் செய்துவிடுவார்.

இருந்தாலும் போன் செய்தார்.

"மாப்ள, ஒரு மெயில் வந்திருக்குடா. பழைய குரலெல்லாம் அழிக்கணுமாம். உங்க அத்தை குரல்..."

"நீங்களே விசாரிச்சுப் பாருங்க மாமா. நீங்க விசாரிக்காததா?"



"என்னால நாலு பேரு கெட்டுப்போகக் கூடாதுடா" என்றார். அழித்தார். அழித்த பிறகு, தலையில் தன் வரியைச் சேர்த்து, அலுவலகம் முழுக்க அனுப்பினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு நாளில் அது புரளி என்று தெரிந்துபோனது. மாமா என்னைக் கூப்பிட்டார். "குப்பைத் தொட்டியில இருக்கும்ல மாப்ள? எடுத்துக் குடுத்துடு ராசா."

இருந்தன. ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. இரண்டு முறை சொடுக்கினால் திரும்பியிருக்கும். மாமா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. நான் காதில் ஹெட்போன் மாட்டி ஒன்றை மட்டும் கேட்டேன்.

"உங்க மருமகன் வந்தா, பசிக்குதுன்னு வாயைத் திறந்து கேக்க மாட்டான். நீங்களா தட்டைப் போட்டுடுங்க."

நல்ல தெளிவான பதிவு. பின்னணியில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. அதைக் கடைசியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு அதையும் அழித்தேன். யாரும் மீட்க முடியாதபடி அந்த இடத்தின் மேலேயே வேறு எதையெதையோ எழுதி நிரப்பினேன்.

"தொட்டி தானாவே காலியாயிடுச்சு மாமா."

அவர் என் தோளில் தட்டினார். "பரவால்லப்பா. நீ இவ்ளோ நேரம் உக்காந்து பாத்தியே." பிறகு உள்ளே போய் எனக்குத் தட்டைப் போட்டார். பசித்தது, சாப்பிட்டேன்.

மறுநாள் எல்லாருக்கும் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. "நான் எதையும் விசாரித்ததே இல்லை. மன்னிக்கவும்." பத்து பேருக்கு அனுப்பச் சொல்லி அதில் எழுதவில்லை, ஆகவே யாரும் அனுப்பவில்லை. இப்போது சவரம் செய்துகொள்வதையும் விட்டுவிட்டார் என்று கேள்வி.

இவ்வளவுதான். ஒரு கொலைக்கு ஒரு குரல். மலிவாகத்தான் முடித்திருக்கிறேன்.

அந்த மாத்திரை மெயிலா? அது எங்கிருந்து கிளம்பியது என்பதற்கும் உங்கள் குழாய்களுக்கும் சம்பந்தம் இல்லையே. சரி, தட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி மெயில்களைக் கிண்டல் செய்து எங்கள் விடுதிப் பத்திரிகையில் ஒரு பக்கம் போட்டோம். அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன். யாரோ அதை வெட்டி மெயிலில் போட்டுவிட்டான். ஊரெல்லாம் சுற்றி மாமாவிடம் வந்து, மாமாவிடமிருந்து அம்மாவிடம் வந்தது. அம்மா உடனே எனக்குத்தான் போன் செய்தாள். "டேய், தென்துருவத்துல கண்டுபிடிச்சிருக்காங்களாம்டா, நிஜமா?" நான் ஸ்பீக்கரில் போட்டேன். அறை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "ஆமாம்மா, பத்து பேருக்கு அனுப்பு" என்றேன்.

ஆனால் குற்றம் விசாரிக்காதவர் மேல்தான் சார். பனிக்கட்டியின் மேல் எவன் மருத்துவக் கல்லூரி கட்டுவான் என்று மாமா ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். யோசிக்கட்டும் என்றுதானே நான் அதை அங்கே வைத்தேன்.