கட்டின குழாய்

இந்துமதி: ...ரெண்டு பக்கமும் கொழாயைக் கட்டியாச்சு. அப்புறம் எப்படீங்க கர்ப்பம் நிக்கும்? அதைச் சொல்லுங்க மொதல்ல.

தரணீதரன்: நீ மொதல்ல தண்ணியக் குடி அம்மிணி. கார்ல ஏறுனதுல இருந்து இதையே கேட்டுட்டு இருக்கற.

இந்துமதி: கேக்காம? ஒடம்பு என்னுது, எனக்கே புரியலீங்களே.

தரணீதரன்: ஸ்கேனுக்கப்புறம் டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க? காதர்பேட்டை பனியன் கடையில இருந்து போன் வந்துது, நான் வெளிய வந்துட்டேன்.

இந்துமதி: ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டுனாங்க. கர்ப்பப்பை இத்தனூண்டுதாங்க, கொய்யாக்காயைக் கவுத்து வெச்சாப்புல. ரெண்டு பக்கமும் கொழாய். கொழாய் நுனியில விரலாட்டம் தொங்குது.

தரணீதரன்: விரலா...

இந்துமதி: சிரிக்காதீங்க. சினைப்பையில இருந்து மாசாமாசம் முட்டை வெளிய வந்ததும், அந்த விரலுதான் அதை வாரி உள்ள உட்டுக்குமாம். கொழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத ரோமமெல்லாம் அசைஞ்சு அசைஞ்சு முட்டையைத் தள்ளிட்டு வருமாம். ஆம்பளையோட அணு அங்க வெச்சுத்தான் அதோட சேருமாம். கர்ப்பப்பையில இல்லீங்க.

தரணீதரன்: நான் பையிலதான்னு நெனச்சேன்.

இந்துமதி: நானுந்தான். ரெண்டு பெத்தும் தெரியலை. சேந்தது ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும், பிரிஞ்சுட்டே எறங்கி வந்து பையில ஒட்டிக்குமாம். பையனா பொண்ணான்னு தீர்மானிக்கறதும் அப்பனோட அணுதானாம். முட்டைக்கு அதுல சம்பந்தமே இல்லியாம்.

தரணீதரன்: ...அதையுமா சொன்னாங்க?

இந்துமதி: கொழாய் கட்டினவங்களுக்கும் முட்டை வருமாம். வழியில்லாம அங்கயே கரைஞ்சு ஒடம்போட போயிருமாம். சின்னவ பொறந்து மூணு வருசமா எனக்கும் அப்படித்தான் கரைஞ்சுட்டு இருக்குதுன்னு நெனச்சேன்...

தரணீதரன்: அறுத்தது சில பேருக்கு மறுபடி ஒட்டிக்கும் அம்மிணி. எங்கியோ ஒருத்தருக்கு.

இந்துமதி: நூலு அறுந்தா நிட்டிங் மிஷின் தானா நின்னுக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க. இது மட்டும் தானா முடிச்சுப் போட்டுக்குமா?

தரணீதரன்: ஒடம்பும் மிஷினும் ஒண்ணா? நீ எதையோ போட்டுக் கொழப்பிக்கற.

இந்துமதி: கொழப்பந்தாங்க. ரெண்டு கோடு விழுந்ததைப் பாத்ததுல இருந்து கண்ணு மூடலை. ஆபரேசன் பண்ணுனவ முழுகாம இருக்கறான்னா ஊரு என்ன பேசும்? உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?

தரணீதரன்: நான் உன்னைய ஒரு வார்த்தை கேட்டனா?

இந்துமதி: கேக்கலீங்க. நேத்து சொன்னப்ப, 'சரி, பாத்துக்கலாம்'னுட்டு சாப்பிட உக்காந்துட்டீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்படியொரு மனுசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்னு.

தரணீதரன்: உன்னைய நம்பாம ஆரை நம்பறது.

இந்துமதி: அப்ப செல்லத்தாயி?

தரணீதரன்: எந்தச் செல்லத்தாயி?

இந்துமதி: நம்ம கம்பெனியில துணி செக்கிங்ல இருந்தாளே. அவளுக்கும் இதேதான். ஆபரேசனுக்கப்புறம் நின்னுருச்சு. ஊட்டுக்காரன் அடிச்சு வெரட்டுனான். நீங்க என்ன சொன்னீங்க? 'கட்டின கொழாய்ல எப்படி நிக்கும், அவ சரியில்ல'ன்னு வேலையை உட்டு நிறுத்தினீங்க.

தரணீதரன்: அது... அவ வேற, நீ வேற.

இந்துமதி: கொழாய் ஒண்ணுதானுங்களே.

தரணீதரன்: ...ஊட்டுக்குப் போலாமா? வெயில் ஏறுது.

இந்துமதி: இருங்க. இன்னொண்ணும் புரியலை. ஆபரேசன் ஆச்சுன்னு சொன்னதும் டாக்டரம்மா எதுக்குப் பதறுனாங்க? கரு கொழாய்லயே சிக்கி வளந்தா வெடிச்சு உயிருக்கே ஆபத்தாயிருமாம். ஒடனே ஸ்கேன் எடுக்கோணும்னாங்க. எனக்குக் கையும் காலும் ஓடலை. நீங்க, 'அப்படியெல்லாம் இருக்காதுங்க'ன்னுட்டுப் போனை எடுத்துட்டு வெளிய வந்துட்டீங்க.

தரணீதரன்: பையிலதானே இருக்குது? நல்லபடியா. அப்புறமென்ன?

இந்துமதி: அது ஸ்கேன் பாத்தப்புறம் தெரிஞ்சது. உங்களுக்கு முன்னாலயே எப்படித் தெரிஞ்சுது? சின்னவளுக்குச் சளி புடிச்சாலே விடிய விடிய உக்காந்திருக்கற மனுசன் நீங்க.

தரணீதரன்: இந்து...

இந்துமதி: அவிநாசியப்பன் கோயில் கோபுரம் தெரியுது பாருங்க. அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க.

தரணீதரன்: ...கட்டலை.

இந்துமதி: என்ன?

தரணீதரன்: கொழாயே கட்டலை. சின்னவ பொறந்தப்ப, ஆபரேசன் தியேட்டருக்கு வெளிய அந்த டாக்டர்கிட்ட நாந்தான் வேண்டாம்னேன். ரெண்டும் பொண்ணாப் போச்சு... கம்பெனிக்கு ஒரு பையன் இருந்தாத் தேவலைன்னு. உன்கிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வாய் வரலை.

இந்துமதி: மாசாமாசம் தூரமாகி நான் வயித்தைப் புடிச்சுட்டுப் படுக்கறப்ப உங்க மூஞ்சி தொங்கிப் போவும். எனக்கு வலிக்குதேன்னுதான் வெசனப்படறீங்கன்னு நெனச்சேன்.

தரணீதரன்: தப்புத்தான். ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் அம்மிணி.

இந்துமதி: பின்னால டிக்கியில ஒரு பை இருக்குதுங்க.

தரணீதரன்: என்ன பை?

இந்துமதி: சந்தேகப்பட்டு வெளிய போகச் சொல்லிருவீங்கன்னு பயந்து, காத்தால என்ற துணியெல்லாம் எடுத்து வெச்ச பை. புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கலாம். வண்டியை மடத்துக்குளத்துக்கு, எங்கம்மா ஊட்டுக்கு ஓட்டுங்க. கட்டின கொழாய்ல எப்படி நின்னுச்சுன்னு எங்கம்மா கேக்கும். நீங்களே சொல்லுங்க.