வேப்பமரத்தின் பிரதிநிதி

எனக்குச் சனிக்கிழமை மதியம் தூங்கப் பிடிக்கும் சார். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூரில், வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில். வீட்டை எல்லோரும் சேர்ந்துதான் வரைய வேண்டும் என்பது எங்கள் முதலாளி கனிமொழி மேடத்தின் கொள்கை. குடியிருக்கப்போகிறவர், மேஸ்திரி, நாங்கள் என எல்லோருக்கும் மேசையைச் சுற்றி நாற்காலி உண்டு. மனையில் மரம் இருந்தால் மரத்துக்கும் ஒன்று. மரம் வந்து உட்காராது என்பதால் எங்களில் ஒருவர் அதன் சார்பில் பேசுவார். ஒரு நாற்காலி மறுத்தாலும் முடிவு கிடையாது.

திருமுல்லைவாயில் சாராள் டீச்சர் வீட்டுக்கு நான்தான் வேப்பமரம்.

மனை வாங்கிய வாரமே டீச்சர் நட்ட மரம் அது. மகள் ரியா நடை பழகியது அதன் அடியில். "வீடு சின்னதா போனாலும் பரவால்ல தம்பி, மரம் இருக்கணும்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

ஒப்புக்கொண்ட வேலையை நான் ஒழுங்காகச் செய்பவன். வேர் மூச்சுவிட வேண்டும் என்றேன். ஹால் நான்கடி பின்வாங்கியது. கிளைக்கு மேற்கு வெயில் வேண்டும் என்றேன். மாடி அறை போயிற்று. மேஸ்திரி அப்பாவு மட்டும் டீ கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்பார்: "இன்னா நைனா, இன்னிக்கி மரம் இன்னா சொல்லுது? அட்டாச்டு பாத்ரூம் கேக்குதா?"

ஒன்பது சனிக்கிழமை மதியங்கள் இப்படியே கூட்டத்தில் போயின. வாயை மூடிக்கொண்டிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும். ஆனால் நம்பி உட்கார வைத்த மரத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கூட்டம் முடிந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பிரதிநிதியின் பொறுப்பு. பத்தாவது வாரத்திலிருந்து அதில் பாத்ரூம் கழுவும் ஆசிட் கலந்தேன். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கவில்லை. வீட்டிலிருந்த கண்ணாடி பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டேன். சுற்றுச்சூழல் விஷயத்தில் எங்கள் அலுவலகம் கறார்.

"உங்கள மாதிரி யாரு தம்பி பாத்துக்குவாங்க" என்று டீச்சர் கேசரி டப்பா கொடுப்பார். ஜெபத்தில் என் பெயரைச் சொல்வதாகவும் சொன்னார். கேசரியில் முந்திரி தாராளம்.

மூன்று மாதத்தில் மரம் பட்டுப்போனது. டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். வெட்டிய மரத்தை வீணாக்காமல் வாசற்கதவு செய்யலாம் என்றேன். மேடம் கைதட்டினார். டீச்சர் இப்போதெல்லாம் உள்ளே போகுமுன் அந்தக் கதவைத் தடவிக்கொடுக்கிறார்.

மரத்தை வெட்டிய அன்று வேர்க்குழியை மோந்து பார்த்த அப்பாவு, "இது மழ தண்ணி வாசன இல்லியே மாமே" என்றார். புதரில் கிடந்த பாட்டிலை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்ததும் அவர்தான். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் நாற்காலி, அவர் கருத்து.

யாரையும் கேட்காமல் எப்படிச் செய்தாய் என்கிறீர்கள். டீச்சரைக் கேட்கவில்லை, உண்மை. மேடத்தையும் கேட்கவில்லை. ஆனால் பாதிக்கப்படப்போகிறவரை முதலில் கேட்பதுதான் எங்கள் முறை. அதற்கென்று ஒரு கூட்டம் போட்டேன்; நானும் மரமும் மட்டும். மரத்தின் சார்பில் நன்றாக யோசித்து, மறுப்பில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு கூட்டத்தில்தான் முடிவு ஒருமனதாக வந்தது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.